கைக் கியரா, தானியங்கிக் கியரா?

கார் வாங்க முற்படும் குடும்பத்தினர் விலையையும் நிறத்தையும் தீர்மானித்த பின்னரும் தீராது நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. கியரைக் கையால் மாற்றும் வண்டியை வாங்குவதா, அன்றி அது தானாகவே மாறும் வண்டியை வாங்குவதா என்பதே அது. நெடுங்காலம் இக்கேள்வி இந்தியாவில் பெரும்பாலோர்க்கு எழவே இல்லை. வங்காளத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாஸடரும், 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800-ம் கைக் கியர் வண்டிகளாகவே பெயர் பெற்றவை. தானியங்கிக் கியர் விலையுயர்ந்த சில கார்களுக்கே உரிய சௌகரியமாகக் கருதப்பட்டது. 2014 பிப்ரவரியில் செலேரியோ என்னும் சிறிய கார் தானியங்கி அமைப்புடன் விற்பனைக்கு வந்த பின்னர் நிலைமை மாறியது. நடுத்தர வருவாயுள்ளோரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்பட்டது.

விற்பனைக் கூடத்தை அடுத்த சமதரைச் சாலையில் இரண்டு வண்டிகளும் நன்றாகவே ஓடும். அவற்றின் வேறுபாடு வெளிப்படும் இடங்கள் வேறு. நகரத்தின் நெரிசலிலும், மலைச்சாலையின் இறக்கத்திலும், பழுது பார்க்கும் நிலையம் தொலைவிலுள்ள கிராமத்திலுமே அது தெரியவரும். கிராமங்களுக்கும் மலைப் பகுதிகளுக்கும் அடிக்கடி செல்ல வேண்டிய களப் பணியாளர்களுக்கு இது வெறும் சௌகரியம் பற்றிய விஷயமன்று. உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதும் ஆகும். சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், கியர்ப்பெட்டி செய்யும் வேலை யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கியர்ப்பெட்டி எதற்கு?

பெட்ரோல் என்ஜினுக்கு இயல்பாகவே இரண்டு குறைகள் உள்ளன. நிலையாக நிற்கும்போது அது விசை எதையும் தர இயலாது; நிமிஷத்திற்கு ஏறக்குறைய 800 சுற்றுக்கள் சுழன்றால்தான் அணையாமல் இயங்கும். சக்கரமோ அசையாமல் நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டியது. மேலும், என்ஜின் தரும் முறுக்கு விசை சிறியது. பளு ஏற்றிய வண்டியை மேட்டில் நேரடியாக இழுக்க அது போதாது. இவ்விரு குறைகளையும் நீக்குவதற்காகவே கிளட்சும் கியர்ப்பெட்டியும் அமைந்தன.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு சிறிய காரின் என்ஜின் 90 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது எனவும், சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர் எனவும் கொள்க. முதல் கியரில் என்ஜின் 14 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். அப்போது சக்கரத்தில் முறுக்கு விசை 14 மடங்காகப் பெருகி 1,260 நியூட்டன் மீட்டர் ஆகிறது. சாலையை உந்தும் விசை 4,500 நியூட்டன். உயர்ந்த கியரில் என்ஜின் 3.2 முறை சுழன்றாலே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அப்போது உந்து விசை ஏறக்குறைய 1,030 நியூட்டன் மட்டுமே.

இனி அந்தக் காரும் அதில் உள்ளோரும் சேர்ந்து 1,200 கிலோகிராம் எனக் கொள்வோமாயின், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 1,170 நியூட்டன் விசை தேவை. உயர்ந்த கியரின் 1,030 நியூட்டன் இதற்குப் போதாது. முதல் கியரின் 4,500 நியூட்டனோ வேண்டியதற்கு மேலேயே உள்ளது. ஆனால் இப்பெருக்கம் இலவசமாகக் கிடைப்பதன்று. என்ஜின் நிமிஷத்திற்கு 2,800 சுற்றுக்கள் சுழலும்போது இந்தக் கார் முதல் கியரில் மணிக்கு 21 கிலோமீட்டரும், உயர்ந்த கியரில் மணிக்கு 92 கிலோமீட்டரும் செல்லும். விசையில் பெறுவதை வேகத்தில் இழக்க வேண்டும். நெம்புகோலின் விதியே கியர்ப்பெட்டியின் விதியும் ஆகும்.

ஆகவே, எந்தக் காரிலும் கியரை மாற்றும் வேலை உண்டு. அவ்வேலையை ஓட்டுபவர் செய்வதா, யந்திரம் செய்வதா என்பதே இங்குள்ள கேள்வி.

கையால் மாற்றும் கியர்

கைக் கியர் வண்டியில் இடது கால் கிளட்சை அழுத்தி என்ஜினையும் கியர்ப்பெட்டியையும் பிரிக்கிறது. கை தடியை நகர்த்திப் புதிய கியரில் சேர்க்கிறது. கால் மெல்ல விடப்பட்டதும் இரண்டும் மீண்டும் இணைகின்றன. ஆதியில் இது கடினமான வித்தையாக இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கரகரக்கும். அவற்றின் வேகத்தை முதலில் ஒன்றாக்கிப் பின்னர் இணைக்கும் அமைப்பை 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார் முதன்முதலாகக் கொண்டுவந்தது. அதன்பின் கியர் மாற்றுதல் சாதாரண மக்களும் எளிதில் பழகக்கூடிய செயலாயிற்று.

இம்முறையின் சிறப்பு அதன் எளிமையே. பற்சக்கரங்கள் நேராகப் பொருந்தியிருப்பதால் சக்தி வீணாவது மிகக் குறைவு. வண்டி எந்தக் கியரில் செல்ல வேண்டும் என்பதை ஓட்டுபவரே தீர்மானிக்கிறார். முன்னால் வரும் மேட்டையும் வளைவையும் கண்ணால் கண்டு முன்கூட்டியே கியரை மாற்றிக்கொள்ள அவரால் இயலும். தேய்வது பெரும்பாலும் கிளட்சுத் தகடு ஒன்றே. அதனை மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் இந்தியாவின் சிற்றூர்களிலும் உள்ளனர்.

குறையும் வெளிப்படையானது. நகர நெரிசலில் கிலோமீட்டருக்கு நான்கு முறை நின்று புறப்பட நேர்வதாகவும், ஒவ்வொரு தடவையும் மூன்று முறை கிளட்சை மிதிப்பதாகவும் கொண்டால், பதினைந்து கிலோமீட்டர் பிரயாணத்திற்குள் இடது கால் 180 முறை அழுத்த நேரிடும். நாள்தோறும் காலையும் மாலையும் இவ்வாறு செய்பவர்க்கு முழங்கால் நோவும் களைப்பும் ஏற்படுவதில் வியப்பில்லை. களைத்த ஓட்டுநரின் கவனம் சாலையிலிருந்து விலகும் என்பதையும் கருத வேண்டும்.

தானியங்கி: ஒரே பெயர், நான்கு யந்திரங்கள்

தானியங்கிக் கியர் என்பது ஒரே பொருளைக் குறிக்கும் சொல் அன்று. இந்தியாவில் விற்கப்படும் கார்களில் அது முக்கியமாக நான்கு வகைப்படும். நான்கும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே அவற்றின் இயல்பு வேறு, குறைகளும் வேறு. இவ்வேறுபாட்டை விசாரியாமல் வாங்குவோரே பின்னர் வருந்துகின்றனர்.

முதல் வகை ஏ.எம்.டி. எனப்படுவது. இது உண்மையில் கைக் கியர்ப்பெட்டியே. கிளட்சை அழுத்தும் காலின் வேலையையும், தடியை நகர்த்தும் கையின் வேலையையும் மின்சாரக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிறு கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன. விலை குறைவு; எரிபொருள் சிக்கனமும் கைக் கியருக்கு நிகர். ஆனால் கியர் மாறும் கணத்தில் என்ஜினின் இழுப்பு அறுபட்டு மீள்வதால், வண்டி சற்றே தயங்கித் தலையாட்டுவது போன்ற உணர்ச்சி உண்டாகும். வேறு வண்டியை முந்திச் செல்லும்போது இத்தயக்கத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்சுத் தகடே ஆதலால், மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்து வண்டியை நிறுத்தி வைத்தால் தகடு சூடேறித் தேய்ந்துவிடும்.

இரண்டாம் வகை டார்க் கன்வர்ட்டர். என்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய பாத்திரம் ஒன்று உள்ளது. என்ஜினோடு இணைந்த சிறகுகள் எண்ணெயைச் சுழற்றி வீச, அது எதிரே உள்ள சிறகுகளில் மோதி அவற்றைச் சுழற்றுகிறது. இவ்விரண்டிற்கும் நடுவே அமைந்த மூன்றாவது சிறகுத் தொகுதி, திரும்பும் எண்ணெயின் திசையை மாற்றி, புறப்படும் சமயத்தில் முறுக்கு விசையைப் பெருக்கவும் செய்கிறது. இத்தத்துவத்திற்கு ஜெர்மானியப் பொறியியல் அறிஞர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905-ல் உரிமை பெற்றார். அவர் கருதியது கப்பல்களை. 1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், எண்ணெய் இணைப்புக் கொண்ட ஹைட்ரா-மாட்டிக் என்னும் முழுத் தானியங்கி அமைப்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1948-ல் அந்நிறுவனத்தின் பியூக் கார் டார்க் கன்வர்ட்டரையே ஏற்றது. இவ்வகை மிக மென்மையாக இயங்குவது. மேட்டிலும் மணலிலும் சேற்றிலும் சக்கரத்தைத் திடீரெனத் துள்ளவிடாமல் மெல்லப் புறப்படச் செய்வது. எண்ணெய் வழுக்கும்போது சக்தியின் ஒரு பகுதி உஷ்ணமாகி வீணாகும். எனினும், வேகம் எடுத்த பின் இரு பகுதிகளையும் இறுகப் பூட்டும் கிளட்சு இக்கால அமைப்புகளில் இருப்பதால் அந்நஷ்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மூன்றாம் வகை சி.வி.டி. இதில் முதல், இரண்டு, மூன்று என்று எண்ணத்தக்க படிகளே இல்லை. கூம்பு வடிவமான இரு கப்பிகளுக்கு இடையே ஒரு பெல்ட் ஓடுகிறது. கப்பிகள் விரிந்தும் நெருங்கியும் பெல்ட் சுற்றும் ஆரத்தை மாற்ற, கியர் விகிதம் தொடர்ச்சியாக மாறிச் செல்கிறது. 1958-ல் நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட் கொண்ட இத்தகைய காரை வெளியிட்டது. இன்றைய கார்களில் எஃகினால் ஆன பெல்ட் அல்லது சங்கிலி உள்ளது. இந்தியர்க்கு இத்தத்துவம் புதியதன்று. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா முதல் இன்று தெருவெங்கும் ஓடும் கியரற்ற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் வரை இதே ஏற்பாட்டினால்தான் இயங்குகின்றன. சி.வி.டி. கார் நெரிசலில் அதிர்ச்சியின்றிச் செல்லும். திடீரென ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் என்ஜினின் ஓசை முதலில் உயர்ந்து, வண்டியின் வேகம் சற்றுப் பின்னரே உயரும்.

நான்காம் வகை இரட்டைக் கிளட்ச் அமைப்பு. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்சும் இரட்டைப்படைக் கியர்களுக்கு மற்றொன்றும் உண்டு. வண்டி இரண்டாவது கியரில் செல்லும்போதே மூன்றாவது ஆயத்தமாகக் காத்திருப்பதால், மாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்ந்துவிடும். 2003-ல் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் இதனைப் பொதுமக்கள் கார்களில் புகுத்தியது. நெடுஞ்சாலையில் இதன் வேகமும் சிக்கனமும் சிறந்தவை. எண்ணெயில் அமிழாத உலர்ந்த கிளட்சு உடையதாயின், ஊர்ந்து செல்லும் நெரிசலில் சூடேறும் இயல்பு இதற்கு உண்டு. அமைப்பும் மிகச் சிக்கலானது.

மின்சாரக் கார் இவ்வரிசையில் சேராது. மின்சார மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையைத் தருவதால், பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு மாற்றத்தக்க கியர்களே தேவைப்படுவதில்லை.

இறக்கமே உரைகல்

கியர் என்றால் மேடு ஏறுவதற்கு என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதன் அருமை இறங்கும்போதுதான் தெரியும். சிம்லா மலை ரயில் பாதையின் அடிவாரத்திலுள்ள கால்கா நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா நிலையம் 2,075 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வித்தியாசம் 1,419 மீட்டர். முற்கூறிய 1,200 கிலோகிராம் கார் இவ்வுயரத்திலிருந்து சாலை வழியே இறங்குமாயின், அது இழக்கும் நிலைச் சக்தி 1 கோடியே 67 லட்சம் ஜூல் ஆகும். இச்சக்தி 50 லிட்டர் நீரை 20 டிகிரி உஷ்ணத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அடிவாரத்தை அடையும்போது வண்டி நிற்கவேண்டுமாயின், அவ்வளவு சக்தியும் வழியில் எங்கேனும் செலவாகியே தீர வேண்டும்.

காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை பிரேக் ஒன்றையே நம்பி அடக்க முயன்றால், அது சில கிலோகிராம் எடையுள்ள இரும்புத் தட்டுகளில் உஷ்ணமாகச் சேரும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் கட்டைகள் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், மிதிகட்டை தரைவரை அழுந்தியும் வண்டி நில்லாது. நாள்பட்ட எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதன் கொதிநிலையும் தாழ்ந்திருக்கும். பிரேக் நல்ல நிலையில் உள்ளதென்று நம்பிப் புறப்பட்ட வண்டிகளும் நீண்ட இறக்கத்தில் விபத்துக்குள்ளாவதற்கு இதுவே காரணம்.

இதற்குப் பரிகாரம் என்ஜினிடமே உள்ளது. தாழ்ந்த கியரில் வண்டி இறங்கும்போது சக்கரங்கள் என்ஜினைச் சுழற்றுகின்றன. காற்றை இழுப்பதற்கும் அமுக்குவதற்கும் உராய்வை வெல்வதற்கும் ஆகும் சக்தி, வண்டியின் வேகத்தைத் தொடர்ந்து தடுக்கிறது. என்ஜினில் தோன்றும் உஷ்ணத்தைக் குளிர்விக்க ரேடியேட்டரும் ஓடும் நீரும் உள்ளன. பிரேக்குக்கு அத்தகைய துணை இல்லை. எந்தக் கியரில் மேடு ஏற நேருமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்று பழைய ஓட்டுநர்கள் கூறிவந்த விதி, விஞ்ஞானத்திற்கு முற்றிலும் பொருந்தியதே.

பெட்ரோலை மிச்சப்படுத்தலாம் என்று கருதி இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடும் பழக்கம் பலரிடம் உள்ளது. இஃது அபாயகரமானது மட்டுமன்று, கணக்கிலும் தவறு. இக்கால என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செலுத்துதல் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ, என்ஜின் அணையாதிருக்கத் தொடர்ந்து எரிபொருள் செலவாகும். என்ஜினையே நிறுத்திவிட்டு இறங்குவோர் இன்னும் பெரிய ஆபத்தை வரவழைத்துக்கொள்கின்றனர். பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் உதவும் விசை அப்போது கிட்டாது. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கைக் கியர் வண்டியில் தாழ்ந்த கியரை இடுவது ஓட்டுபவர் கையில் உள்ளது. தானியங்கியில்தான் கவனம் தேவை. தடி ‘டி’ என்னும் நிலையில் இருக்க, காலை எடுத்தால், பல கார்கள் வண்டி சமதரையில் செல்வதாகவே கொண்டு உயர்ந்த கியருக்கு மாறிவிடுகின்றன. என்ஜினின் தடுப்பு குறைந்து, பாரம் முழுவதும் பிரேக் மீது விழுகிறது. ஆதலால் தாழ்ந்த கியரை நிலைநிறுத்தும் வசதி எது என்பதை வாங்குமுன்பே கேட்டறிய வேண்டும். ஏ.எம்.டி. வண்டியில் கூட்டல், கழித்தல் குறிகளுள்ள கைந்நிலை இருக்கும், சி.வி.டி. வண்டிகளில் பெரும்பாலும் ‘எல்’ அல்லது ‘எஸ்’ என்னும் நிலை இருக்கும். மற்றவற்றில் தடியிலோ ஸ்டீரிங்குக்குப் பின்புறமோ இவ்வசதி அமைந்திருக்கும். வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் ‘டி’ நிலையிலேயே மலையிறங்குவோர் தொகை குறைவன்று. மலைப் பகுதியில் பணிபுரிவோர் தானியங்கியைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. அந்நிலையைப் பயன்படுத்தக் கற்றே தீர வேண்டும்.

மேட்டில் நின்று புறப்படுவது மற்றொரு சோதனை. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஆயினும் குறுகிய வளைவுகளில் ஏறும் வண்டியும் நிற்க நேரும். டார்க் கன்வர்ட்டர், பிரேக்கை விட்டதும் முன்னோக்கித் தானே ஊரும் இயல்புடையது. கடும் மேட்டில் மட்டும் சற்றுப் பின்வாங்கலாம். ஏ.எம்.டி. வண்டி, மேட்டில் தாங்கிப் பிடிக்கும் தனி வசதி இல்லையேல், தெளிவாகவே பின்னோக்கி உருளும். அவ்வசதி இருப்பினும் ஓரிரு விநாடிகளே பிடித்து வைக்கும். ஆதலால் கைப் பிரேக்கை இட்டு, என்ஜின் இழுக்கத் தொடங்கிய பின் அதனை விடும் பழைய முறை ஏ.எம்.டி. வண்டிக்கும் பொருந்தும்.

எரிபொருளும் விலையும்

தானியங்கி அதிகமாக எரிபொருள் குடிக்கும் என்ற அபிப்பிராயம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. இன்று அதனைப் பொதுவாகக் கூற இயலாது. 2014-ல் வெளிவந்த செலேரியோவின் கைக் கியர் வகைக்கும் ஏ.எம்.டி. வகைக்கும் சோதனைச்சாலை அளவு ஒன்றே: லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். சாலையில் கிடைப்பது இதனினும் குறைவாகவே இருக்கும். ஓட்டும் பழக்கம் மாறினால் ஏற்படும் வித்தியாசம், கியர் வகை மாறுவதால் ஏற்படுவதைவிடப் பெரிது.

சிக்கனத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தந்தால் 500 லிட்டர் செலவாகும்; 21 கிலோமீட்டர் தந்தால் 476 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 ரூபாய். 2020-களின் முற்பகுதியில் சிறிய கார்களில் ஏ.எம்.டி. வகைக்குக் கைக் கியர் வகையைக் காட்டிலும் ஏறக்குறைய 50,000 ரூபாய் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்ற மூன்று வகைகளுக்கும் பொதுவாக இதனினும் அதிகம். ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்த ஏ.எம்.டி. வாங்குவதும் பொருந்தாது, எரிபொருள் வீணாகும் என்று அஞ்சி அதனை ஒதுக்குவதும் பொருந்தாது. அதிகமாகக் கொடுக்கும் பணம் உடலுக்கும் மனத்திற்கும் கிடைக்கும் ஓய்வின் விலை என்று கொள்வதே சரி. அவ்வோய்வு நாள்தோறும் தேவைப்படுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பழுதும் பராமரிப்பும்

கைக் கியர் வண்டியின் பாட்டரி தளர்ந்துபோனால், நாலு பேர் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு என்ஜினைக் கிளப்பிவிட முடிவதுண்டு. தானியங்கி வண்டிகளை இவ்விதம் கிளப்பலாம் என்று நம்பியிருத்தல் ஆகாது. டார்க் கன்வர்ட்டர் வண்டியில் என்ஜினுக்கும் சக்கரத்திற்கும் இடையே இருப்பது எண்ணெய். என்ஜின் ஓடாதபோது அதனைச் செலுத்தும் பம்பும் ஓடாது. இதே காரணத்தால், பழுதான வண்டியை உந்து சக்கரங்கள் தரையில் உருளும்படி நெடுந்தூரம் கட்டி இழுப்பதும் கூடாது. எண்ணெய் பாயாத கியர்ப்பெட்டி வழியிலேயே சேதமாகிவிடும். அச்சக்கரங்களைத் தூக்கியோ, வண்டி முழுவதையும் வேறு வாகனத்தில் ஏற்றியோ கொண்டுசெல்ல வேண்டும். எனவே தொலைதூரக் கிராமங்களுக்குச் செல்லும் தானியங்கி வண்டியில் பாட்டரியின் நிலையை அடிக்கடி சோதித்தல் அவசியம்.

கியர்ப்பெட்டி எண்ணெயும் வகைக்கு வகை வேறுபடும். சி.வி.டி.க்கு உரிய எண்ணெயை டார்க் கன்வர்ட்டருக்கும், இதனுடையதை அதற்கும் மாற்றி ஊற்றினால் பெருஞ்சேதம் விளையும். கைப்புத்தகத்தில் குறித்த எண்ணெயை, குறித்த காலத்தில் மாற்றினாலே போதும். ஏ.எம்.டி. அமைப்பின் கிளட்சுத் தகடு சாதாரணமானதே என்றாலும், அதனை மாற்றிய பின் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் புதிய அளவுகளைப் பதிய வைக்க வேண்டும். இதற்கான சாதனம் எல்லாப் பட்டறைகளிலும் இராது. வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தொலைவில் அக்கம்பெனியின் பட்டறை உள்ளது என்பதை வாங்குமுன் அளந்து பார்ப்பது நலம்.

காலும் பழக்கமும்

கைக் கியரிலிருந்து தானியங்கிக்கு மாறுவோர் முதல் சில வாரங்களில் மிகுந்த எச்சரிக்கையோடிருத்தல் வேண்டும். கிளட்சைத் தேடும் பழக்கத்தால் இடது கால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். அல்லது பதற்றத்தில் வலது கால் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை அழுத்திவிடும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து பாய்வதற்கு இதுவே காரணமாகிறது. இடது காலை முழுவதும் ஓய்வாக வைத்து, இரு மிதிகளுக்கும் வலது கால் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே என்ஜினைக் கிளப்பவும், தடியை நகர்த்தவும் வேண்டும். இறங்கும்போது, ‘பி’ நிலை உள்ள வண்டியில் அதனை இட்டு, கைப் பிரேக்கையும் இழுக்க வேண்டும். ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றில் ‘பி’ நிலையே கிடையாது என்பதை மறத்தல் கூடாது.

இடது காலில் குறைபாடு உள்ளோர்க்கும் முழங்கால் நோயுற்றோர்க்கும் தானியங்கி, பிறர் உதவியின்றித் தாமே பிரயாணம் செய்யும் சுதந்திரத்தை அளிக்கிறது. விலை அதிகம் என்று அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

எவர்க்கு எது?

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் தேர்வு எளிதாகும். நாள்தோறும் பெருநகர நெரிசலில் செல்பவர்க்குத் தானியங்கி ஏற்றது. பணம் அளவானதாயின் ஏ.எம்.டி.யும், மென்மையை விரும்பின் சி.வி.டி. அல்லது டார்க் கன்வர்ட்டரும் பொருந்தும். நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் செல்பவர்க்குக் கியர் மாற்றும் வேலை குறைவு. அவர் தானியங்கிக்கு அதிகப் பணம் கொடுப்பதால் பெறும் பயனும் குறைவு. பட்டறைகள் அருகில் இல்லாத மாவட்டங்களில் பணிபுரிவோர்க்குக் கைக் கியரே நம்பகமானது. மலைச்சாலையில் அடிக்கடி செல்வோர் கைக் கியரையோ, தாழ்ந்த கியரை நிலைநிறுத்தும் வசதியுள்ள டார்க் கன்வர்ட்டரையோ தேர்ந்தெடுக்கலாம். ஏ.எம்.டி.யாயின், மேட்டில் தாங்கிப் பிடிக்கும் வசதி அவசியம். வெள்ளோட்டத்தைச் சமதரையில் ஒருவராகச் சென்று முடித்துவிடாமல், குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்திலாவது நின்று புறப்பட்டுப் பார்த்தல் வேண்டும்.

வகுப்பறைக்கு

இவ்விஷயத்தை ஆசிரியர்கள் சிறு செலவில் விளக்கிக் காட்டலாம். இரு மேஜை விசிறிகளை எதிரெதிரே நெருக்கமாக வைத்து, ஒன்றை மட்டும் மின்சாரத்தில் ஓடவிட்டால், அதன் காற்றினால் மற்றதும் சுழலத் தொடங்கும். இரண்டாவது விசிறி எப்போதும் சற்று மெதுவாகவே சுழல்வதையும், அதை ஓடவிடாமல் தடுத்து வைத்தாலும் முதலாவது நின்றுவிடாததையும் மாணவர்கள் காண்பர். எண்ணெய் இணைப்பின் வழுக்கலும், நின்ற காரில் என்ஜின் அணையாதிருப்பதும் இதனால் விளங்கும். பாதுகாப்பு வலை பூட்டிய விசிறிகளையே இதற்குப் பயன்படுத்த வேண்டும். தடுத்து வைப்பதை ஆசிரியரே செய்தல் நலம்.

கியருள்ள சைக்கிள் ஒன்று கிடைத்தால், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று ஒவ்வொரு கியரிலும் எண்ணச் செய்யலாம். பற்களின் எண்ணிக்கையை வகுத்து வரும் விகிதத்தோடு அது ஒத்திருப்பதைக் காணும் மாணவர், வேகமும் விசையும் ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுவன என்பதை ஒருபோதும் மறவார். அம்மாணவர் நாளை எந்த வண்டியின் முன் அமர்ந்தாலும், மலையின் உச்சியில் தாழ்ந்த கியரை இட்டே இறங்கத் தொடங்குவார்.